பிடிபி-8/இ பூட் ஆகவில்லையா? எந்த முகவரியில் நிற்கிறது என்று பாருங்கள்

பிடிபி-8/இ-க்கு மின்சாரம் கொடுத்தால் விசிறி சுற்றும், பேனலில் சில விளக்குகள் எரியும். அவ்வளவுதான். திரையில் எதுவும் வராது, திரையே கிடையாது. தானாக எழுந்து நிரலைத் தேடிப் போகும் வழக்கம் இந்த இயந்திரத்துக்கு இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும், முதலில் என்ன படிக்க வேண்டும் என்பதை இயக்குபவர்தான் சுவிட்சுகள் மூலம் ஊட்ட வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்டு நகரில் இருந்த டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1965-இல் முதல் பிடிபி-8-ஐ 18,000 டாலருக்கு விற்றது. 1970-இல் வந்த 8/இ அதே குடும்பம்: 12 பிட் சொற்கள், அடிப்படை அளவாக 4096 சொற்கள் கொள்ளும் கோர் மெமரி, எல்லாப் போர்டுகளும் செருகப்படும் ஆம்னிபஸ் என்ற பொதுப் பாதை.

இதன் பூட் ஒரு சங்கிலி. பேனலில் கையால் இட்ட 17 சொற்கள் ஒரு சிறு லோடர்; அதன் பெயர் ரிம். ரிம் லோடர் காகித நாடாவிலிருந்து இன்னொரு லோடரை ஏற்றும். அதன் பெயர் பின். பின் லோடர் உங்களுக்கு வேண்டிய நிரலை ஏற்றும். டிஸ்க் இருந்தால் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: போர்டைக் கழற்றும் முன், இயந்திரம் எந்த முகவரியில் நிற்கிறது என்று படியுங்கள். பூட் ஆகாத பிடிபி-8/இ பெரும்பாலும் செத்துக் கிடப்பதில்லை. ஏதோ ஒரு கண்ணியில் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காக என்பதைப் பேனல் விளக்குகளே காட்டிக்கொடுக்கும்.

இங்கே வரும் முகவரிகளும் ஆணைகளும் எல்லாம் ஆக்டல் எண்கள். பேனலின் 12 சுவிட்சுகளை மும்மூன்றாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு மூன்றும் ஓர் இலக்கம். பிட்டுகளை டெக் இடமிருந்து வலமாக 0 முதல் 11 வரை எண்ணுகிறது. பிட் 0-தான் பெரியது.

1. மின்சாரம் கொடுக்கும் முன்

பல ஆண்டுகள் சும்மா கிடந்த இயந்திரத்தை நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள். பவர் சப்ளை 115 வோல்ட்டுக்கானதா, 230 வோல்ட்டுக்கானதா என்பதை முதலில் பாருங்கள். போர்டுகள் அனைத்தையும், எந்த இடத்தில் எது இருந்தது என்று படம் எடுத்துவிட்டு, வெளியே எடுத்து வையுங்கள். பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைச் சப்ளையிலிருந்து பிரித்து, மின்தடை வழியாகக் குறைந்த மின்னோட்டத்தில் மெல்ல மெல்ல ஏற்றிப் பழக்குங்கள். உப்பியதையும் கசிந்ததையும் மாற்றிவிடுங்கள்.

அதன்பின் சப்ளையை மட்டும் இயக்கி, +5, +15, -15 மூன்றையும் அளவிடுங்கள். +5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். இது சரியாக இல்லாமல் போர்டு செருகினால், பழுதான சப்ளை நல்ல போர்டுகளையும் பழுதாக்கிவிடும். போர்டைச் செருகுவதும் கழற்றுவதும் எப்போதும் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான்.

போர்டுகளைத் திரும்பச் செருகும்போது ஒன்றை மறக்கக் கூடாது. எம்8300, எம்8310 என்ற இரண்டு செயலிப் போர்டுகளின் தலைக்கு மேலே எச்851 என்ற இணைப்பிகள் பாலம் போல மாட்டப்படும். மெமரிப் போர்டுகளான ஜி104, எச்220, ஜி227 மூன்றுக்கும் இதே ஏற்பாடுதான். சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் இவற்றை மாட்ட மறந்துவிடுவதுண்டு. அரைகுறையாகச் செருகுவதும் உண்டு. மணிக்கணக்கில் பழுது தேடும் முன் இந்த இணைப்பிகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

2. பேனல் சொல்வதை நம்பலாமா?

பழுது தேட நாம் நம்பியிருப்பது பேனல். அதுவே பொய் சொன்னால் தேடல் வீண். ஆகவே முதலில் இவற்றைப் பாருங்கள்:

சாவி மூன்றாவது நிலையான 'பேனல் லாக்'கில் இருந்தால் சுவிட்சுகள் வேலை செய்யாது. நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

'கன்டினியூ' அழுத்தினால் ஓர் ஆணையோடு நின்றுவிடுகிறதா? 'ஹால்ட்' அல்லது 'சிங்கிள் ஸ்டெப்' சுவிட்ச் இறங்கியிருக்கும்.

12 சுவிட்சுகளையும் மேலே தூக்கி 7777 வைத்து 'அட்ரஸ் லோட்' அழுத்துங்கள். 12 முகவரி விளக்குகளும் எரிய வேண்டும். 0000 வைத்து அழுத்தினால் பன்னிரண்டும் அணைய வேண்டும். எரியாதது பல்பு போன விளக்காக இருக்கலாம், சுவிட்சாகவும் இருக்கலாம். எதுவானாலும் இப்போதே சரிசெய்யுங்கள். ஒரு விளக்கு அவிந்திருந்தால், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

எக்ஸ்டெண்டட் மெமரி, அதாவது 4 கே-க்கு (4096 சொற்களுக்கு) மேல் மெமரி உள்ள இயந்திரத்தில், 0000 வைத்து 'எக்ஸ்டெண்டட் அட்ரஸ் லோட்' அழுத்துங்கள். இல்லையேல் வேறொரு 4 கே பகுதியில் லோடரை எழுதிவிட்டு, இங்கே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

3. மெமரி எழுதியதை வைத்திருக்கிறதா?

0200 வைத்து அட்ரஸ் லோட். 7777 வைத்து 'டெபாசிட்' சாவியைத் தூக்குங்கள். மற்ற சாவிகளை அழுத்த வேண்டும், இதை மட்டும் தூக்க வேண்டும். தவறுதலாகக் கைபட்டு மெமரி அழியாமலிருக்க இந்த ஏற்பாடு. ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் முகவரி தானாக ஒன்று கூடும். அடுத்தடுத்து 0000, 5252, 2525 எழுதுங்கள். மீண்டும் 0200 ஏற்றி, தேர்வுக் குமிழை 'எம்டி' (மெமரித் தரவு) நிலையில் வைத்து 'எக்ஸாமின்' அழுத்தி ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

எங்கே எழுதினாலும் ஒரே பிட் மட்டும் தவறினால், அந்தப் பிட்டின் உணர் பகுதியைச் சந்தேகிக்கலாம். அது ஜி104 போர்டில் இருக்கிறது. சில முகவரிகளில் மட்டும் எல்லாப் பிட்டும் கெட்டிருந்து, மற்ற இடங்கள் நன்றாக இருந்தால், முகவரியைத் தேர்ந்தெடுக்கும் ஜி227 அல்லது கோர் அடுக்கான எச்220. கோர் மெமரியைப் படித்தால் உள்ளே இருப்பது அழியும். அதை இயந்திரமே உடனே திரும்ப எழுதுகிறது. எனவே ஒரே இடத்தை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை சரியாகவும் இரண்டாம் முறை தவறாகவும் வந்தால், படிப்பு நன்றாக இருக்கிறது. திரும்ப எழுதுவதில்தான் கோளாறு.

4. செயலி ஓடுகிறதா?

நாடாவுக்குப் போகும் முன் நான்கு சொல் நிரல் ஒன்று (இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் அதில் இட வேண்டிய சொல்):

0200 — 7001
0201 — 2300
0202 — 5201
0203 — 5200

முகவரி 0300-இல் 0000 எழுதுங்கள். 0200 ஏற்றி, 'கிளியர்', பிறகு 'கன்டினியூ'. குமிழை 'ஏசி' (கூட்டல் நடக்கும் பதிவேடு) நிலையில் வையுங்கள். நிரல் 4096 முறை சும்மா சுற்றிவிட்டு, ஏசியில் ஒன்று கூட்டும், மறுபடியும் சுற்றும். வலது ஓர விளக்குகள் மினுமினுக்கும், இடப்பக்கம் போகப்போக வேகம் பாதி பாதியாகக் குறையும். இடது ஓர விளக்கு ஏறக்குறைய அரை நிமிடம் எரிந்து, அரை நிமிடம் அணைந்திருக்கும். முழுச் சுற்றுக்குச் சுமார் ஒரு நிமிடம். இது சீராக நடந்தால் கடிகாரத் துடிப்பு, கூட்டல், தாவல், மெமரி எழுத்து நான்கும் ஒரே மூச்சில் தேறிவிட்டன.

5. டெலிடைப் பேசுகிறதா?

அன்றைய வழக்கமான கன்சோல் ஏஎஸ்ஆர்-33 டெலிடைப். நொடிக்கு 10 எழுத்து அச்சிடும். நாடாவைப் படிக்கவும் துளையிடவும் செய்யும். அதன் திருகு சுவிட்ச் 'லைன்' நிலையில் இருக்க வேண்டும். 'லோக்கல்' நிலையில் அது தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும். சோதனை நிரல்:

0200 — 7604
0201 — 6046
0202 — 6041
0203 — 5202
0204 — 5200

ஓடவிட்டு, சுவிட்சுகளில் 0301 வைத்தால் தாளில் 'ஏ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து வரிசையாக அச்சாக வேண்டும். எதுவும் அச்சாகாமல் 0202-க்கும் 0203-க்கும் இடையில் சுற்றினால், இடைமுகப் போர்டு 'எழுத்து போய்விட்டது' என்று பதில் சொல்லவில்லை. வேறு எழுத்து அச்சானால் வேகம் பொருந்தவில்லை.

டெலிடைப்புக்குப் பதிலாக இன்றைய கணினி ஒன்றை இணைத்து அதிலிருந்து நாடாக் கோப்பை அனுப்புவோர் பலர். அப்படியானால் எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று அமையுங்கள். எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள்; இல்லையேல் நாடாவில் உள்ள 021, 023 என்ற மதிப்புகளைக் கணினி கட்டளையாக எண்ணி விழுங்கிவிடும். வரி முடிவுகளை மாற்றி எழுதும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இவற்றில் எது தவறினாலும், நாடா முழுவதும் போன மாதிரியே தெரியும். மெமரியில் மட்டும் குப்பை இருக்கும்.

6. ரிம் லோடர்

டெலிடைப் ரீடருக்கான ரிம் லோடர் இதுதான்:

7756 — 6032
7757 — 6031
7760 — 5357
7761 — 6036
7762 — 7106
7763 — 7006
7764 — 7510
7765 — 5357
7766 — 7006
7767 — 6031
7770 — 5367
7771 — 6034
7772 — 7420
7773 — 3776
7774 — 3376
7775 — 5356
7776 — 0000

எழுதி முடித்ததும் 7756-இலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபாருங்கள். பூட் தோல்விகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் ஓர் இலக்கம் மாறியதால் வருவதுதான். வேகமான நாடா ரீடர் வைத்திருப்போருக்கு வேறு பட்டியல் உண்டு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டால் வேலை செய்யாது.

கோர் மெமரி மின்சாரம் போனாலும் மறக்காது. அதனால் அந்நாளில் இதைத் தினமும் கையால் இடவில்லை. மெமரியின் கடைசிப் பக்கத்தை யாரும் தொடாமல் விட்டுவைத்தார்கள். ஆனால் ஓஎஸ்/8 இயங்குதளம் 7600 முதல் உள்ள அந்தப் பக்கத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். அது ஒருமுறை ஓடிய இயந்திரத்தில், 'நேற்று ரிம் போட்டேனே' என்று நம்பி உட்காராதீர்கள்.

நாடாவை மாட்டும்போது, எட்டாம் தடத்தில் மட்டும் துளையுள்ள தொடக்கப் பகுதி ரீடரில் இருக்கட்டும். 7756 ஏற்றி, கிளியர், கன்டினியூ. ரீடரை ஓட விடுங்கள். ரிம் லோடருக்கு முடிவு என்பது தெரியாது. நாடா ஓடி முடிந்ததும் நீங்கள்தான் ஹால்ட் போட வேண்டும். 'நாடா முடிந்தும் நிற்கவில்லை' என்பது பழுதல்ல.

7. விளக்குகளைப் படித்தல்

நாடா ஏறவில்லை என்றால் முகவரி விளக்குகளை உற்றுப் பாருங்கள். காத்திருக்கும் லோடர் இரண்டு முகவரிகளுக்கிடையே நொடிக்குப் பல்லாயிரம் முறை தாவிக்கொண்டிருக்கும். இரண்டிலும் 1 ஆக உள்ள பிட் முழுதாக எரியும். ஒன்றில் மட்டும் 1 ஆக உள்ளது அரை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும்.

ஏழு முழு வெளிச்சம், ஐந்து மங்கல்: லோடர் 7757-க்கும் 7760-க்கும் இடையில் இருக்கிறது. ஒரு சொல்லின் முதல் பாதிக்காகக் காத்திருக்கிறது. நாடாவே நகரவில்லை என்றால் ரீடரைத் தூண்டும் ரிலேயைப் பாருங்கள். டெலிடைப்பில் இந்த ரிலேயை டெக் தனியாகச் சேர்த்தது. வேறிடத்திலிருந்து வாங்கிய டெலிடைப்பில் அது இருக்காது.

எட்டு முழு வெளிச்சம், நான்கு மங்கல்: 7767-க்கும் 7770-க்கும் இடையில். முதல் பாதி வந்துவிட்டது, இரண்டாம் பாதி வரவில்லை. கம்பிகளும் இடைமுகமும் சரி. ரீடர் ஓர் அடி நகர்ந்து சிக்கிக்கொண்டது. நாடாவின் நடுவே உள்ள சிறு துளைகள் கிழிந்திருந்தால் பற்சக்கரத்துக்குப் பிடி கிடைக்காது; அதையும் பாருங்கள்.

நாடா முழுவதும் ஓடியது, மெமரியில் ஒன்றுமே மாறவில்லை: ஒவ்வொரு வரிசையையும் லோடர் தொடக்கப் பகுதி என்று எண்ணித் தள்ளுகிறது. அப்படியானால் எட்டாம் தடம் எப்போதும் 1 ஆகவே வந்துகொண்டிருக்கிறது. ரீடரின் எட்டாம் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாடா ஓடியது, ஆனால் முகவரி 0000-இல் புதிதாக ஏதோ எண் வந்திருக்கிறது: இந்தத் தடயம் மதிப்பு மிக்கது. ரிம் நாடாவில் முகவரிச் சொல்லை அடையாளம் காட்டுவது ஏழாம் தடத்துத் துளை. லோடர் ஒவ்வொரு தரவையும் எழுதிய பின் 7776-ஐப் பூஜ்யமாக்கிவிடும். அடுத்து வரும் முகவரியின் ஏழாம் துளை தவறினால், லோடர் அதைத் தரவு என்று எண்ணி 7776 காட்டும் இடத்தில், அதாவது 0000-இல் எழுதிவிடும். ஆகவே 0000-இல் கிடக்கும் குப்பை, ஏழாம் தடத்தின் தொடர்பைத் துடைக்கச் சொல்கிறது.

'ரன்' விளக்கே அணைந்துவிட்டது: ரிம் லோடருக்குள் நிற்கும் ஆணை எதுவும் இல்லை. அது நின்றால், லோடர் தவறாக எழுதப்பட்டிருக்கும், அல்லது நாடாவிலிருந்து வந்த கெட்ட முகவரி ஒன்று லோடர் மீதே எழுதிவிட்டிருக்கும். 17 சொற்களையும் மறுபடி படியுங்கள்.

8. பின் லோடர்

ரிம் வடிவில் ஒரு சொல்லுக்கு நாடாவில் நான்கு வரிசை வேண்டும். சரிபார்ப்புத் தொகை எதுவும் கிடையாது. பின் வடிவில் ஒரு சொல்லுக்கு இரண்டே வரிசை. இறுதியில் சரிபார்ப்புத் தொகையும் உண்டு. முழு 4096 சொற்களை நொடிக்கு 10 வரிசை வேகத்தில் பின் வடிவில் ஏற்றினாலே 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். எனவேதான் ரிம் லோடரால் பின் லோடரை மட்டும் ஏற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பின் லோடரிடம் விட்டார்கள்.

7777 வைத்து அட்ரஸ் லோட். டெலிடைப் ரீடர் என்றால் சுவிட்சுகளை 7777-இலேயே விடுங்கள். வேக ரீடர் என்றால் இடது ஓரச் சுவிட்சைக் கீழிறக்கி 3777 ஆக்குங்கள். கிளியர், கன்டினியூ. இந்தச் சுவிட்சை மறந்தவர்கள், இல்லாத ரீடருக்காக இயந்திரத்தைக் காக்க வைத்துவிட்டு, நாடாவைக் குறை சொல்வார்கள்.

பின் லோடர் தானே நிற்கும். நின்றதும் குமிழை ஏசியில் வையுங்கள். எல்லா விளக்கும் அணைந்திருந்தால் தொகை சரி. ஒன்று எரிந்தாலும் நாடா தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. அந்த நிரலை ஓட்டாதீர்கள். அதே நாடாவை இன்னொரு முறை ஏற்றி, ஏசியில் வந்த எண்ணைக் குறித்து ஒப்பிடுங்கள். இரண்டு முறையும் ஒரே எண் என்றால் நாடாவில் குறை, அல்லது ஏதோ ஒரு தடம் நிரந்தரமாகப் பழுது. வெவ்வேறு எண் என்றால் ரீடரின் தொடர்புகள் விட்டுவிட்டு வேலை செய்கின்றன.

9. டிஸ்க்கிலிருந்து: இரண்டே சொற்கள்

ஆர்கே05 டிஸ்க் உள்ளவர்களுக்கு நாடா வேண்டாம்:

0030 — 6743
0031 — 5031

0030 ஏற்றி, கிளியர், கன்டினியூ. கிளியர் அழுத்தியதும் டிஸ்க் கட்டுப்பாட்டின் பதிவேடுகள் பூஜ்யமாகும். பூஜ்யம் என்றால் 'முதல் டிஸ்க்கின் முதல் தொகுதியைப் படித்து மெமரியில் 0000 முதல் வை' என்று பொருள். 6743 அந்த வேலையைத் தொடங்கிவைக்கும். 5031 என்பது தன்னிடமே தாவிக்கொண்டிருக்கும் ஆணை. டிஸ்க்கிலிருந்து 256 சொற்கள் வந்து விழும்போது அந்த ஆணையின் மீதே புதிய ஆணை எழுதப்படும். செயலி அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். கிளியர் அழுத்த மறந்தால் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது.

ரன் எரிந்து, முகவரியில் 0031, அதாவது மூன்றே விளக்குகள் அசையாமல் நின்றால் டிஸ்க்கிலிருந்து எதுவும் வரவில்லை. டிரைவின் 'ரெடி' விளக்கையும் 'ஃபால்ட்' விளக்கையும் பாருங்கள். பிறகு ஹால்ட் போட்டு, 0200-இல் 6745, 0201-இல் 7402 எழுதுங்கள். ஹால்ட்டை எடுத்துவிட்டு, 0200 ஏற்றி, கிளியரைத் தொடாமல் நேரே கன்டினியூ அழுத்துங்கள். கிளியர் அழுத்தினால் தடயம் அழிந்துவிடும். ஏசியில் டிஸ்க்கின் நிலை தெரியும். 4000 என்றால் படிப்பு குறையின்றி முடிந்தது. 0200-க்கான பிட் எரிந்தால் டிரைவ் தயாராக இல்லை. 0010-க்கான பிட் எரிந்தால் படித்ததில் பிழை. ஹெட் அழுக்காக இருக்கலாம், டிஸ்க்கில் எழுதியதே மங்கியிருக்கலாம்.

பழைய ஆர்கே05-ஐ முதன்முதலாகச் சுழலவிடும் முன் மூன்றைக் கவனியுங்கள். மின்சாரம் திடீரெனப் போனால் ஹெட்டைப் பின்னிழுக்க அதற்குள் நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் உண்டு. அவை கசிந்திருக்கும், மாற்றுங்கள். காற்று வழியில் உள்ள நுரை வயதாகித் தூளாக உதிரும். அந்தத் தூள் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே போனால் இரண்டும் போயிற்று. கடைசியாக, தட்டின் வகை. பிடிபி-8-க்கான தட்டில் 16 பிரிவுகள், பிடிபி-11-க்கானதில் 12. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. தவறான தட்டைப் போட்டுவிட்டு டிரைவைப் பிரிக்காதீர்கள்.

முகவரி 0031-ஐத் தாண்டிவிட்டது, ஆனால் கன்சோலில் ஓஎஸ்/8-இன் தயார்க் குறியான புள்ளி வரவில்லை என்றால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். ஓஎஸ்/8-க்குக் குறைந்தது 8 கே மெமரி வேண்டும். 0011 வைத்து எக்ஸ்டெண்டட் அட்ரஸ் லோட் அழுத்தி, இரண்டாம் 4 கே-யில் மூன்றாம் பிரிவின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அது தேறினால் ஐந்தாம் பிரிவின் டெலிடைப் சோதனை. இரண்டும் தேறிய பிறகே தட்டில் உள்ள இயங்குதளத்தைச் சந்தேகியுங்கள்.

10. புள்ளி வந்த பிறகு

கன்சோலில் ஒற்றைப் புள்ளி வந்தால் ஓஎஸ்/8 உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கிறது. பின்னர் ஏதாவது நிரல் மாட்டிக்கொண்டால் மறுபடி பூட் செய்ய வேண்டியதில்லை. ஹால்ட் போட்டு எடுத்து, 7600 ஏற்றி, கிளியர், கன்டினியூ அழுத்தினால் புள்ளி திரும்பும்.

பூட் ஆனது இயந்திரம் முழுவதும் நலம் என்பதற்குச் சான்றாகாது. பூட் நிரல்கள் சில ஆணைகளையே பயன்படுத்துகின்றன. டெக் வெளியிட்ட மெயின்டெக் சோதனை நாடாக்களில் ஆணைச் சோதனை ஒன்று, இரண்டு ஆகியவற்றை முதலில் ஓட்டுங்கள். பிறகு மெமரிச் சோதனை. இயந்திரம் சூடேறிய பின் இன்னொரு முறை ஓட்டுங்கள். விட்டுவிட்டு வரும் பழுதுகள் அப்போதுதான் தலைகாட்டும். கையில் இயந்திரம் இல்லாதவர்கள் சிம்ஹெச் எமுலேட்டரில் இதே எண்களை இட்டுப் பழகலாம். ரிம் லோடரில் வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

ஒவ்வொரு தோல்வியின்போதும் நான்கை எழுதி வையுங்கள்: ரன் விளக்கு, நின்ற முகவரி, ஏசி, அதற்கு முன் கடைசியாக நீங்கள் மாற்றியது. ஒரே நேரத்தில் ஒரு போர்டுக்கு மேல் மாற்றாதீர்கள். இரண்டை மாற்றிப் பூட் ஆகிவிட்டால், எது பழுது என்று தெரியாமலே இயந்திரத்தை மூடுவீர்கள். நல்ல போர்டு ஒன்று 'பழுது' என்ற சீட்டோடு அலமாரிக்குப் போய்விடும்.